களத்தை விட்டு முதலில் எழுந்தவள்

2024 பிப்ரவரி 10, சனிக்கிழமை. காலை 5.40-க்கு எழுந்தேன். பனி இல்லை, குளிர் இருந்தது. இரண்டு டம்ளர் காப்பி போட்டு ஒன்றை மூடி வைத்தேன்; என் கணவர் எழ ஆறரை ஆகும். ஏழரைக்கு ஸ்கூட்டரில் எஸ்டேட் ஆபீஸ். மழைமானியைப் பார்த்து 'இல்லை' என்று எழுதினேன். மிளகு பறிப்புக்கு இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒரு ஏணியின் படி உடைந்திருந்ததால் அதைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னேன். ஒரு மணிக்கு ஆபீஸைப் பூட்டினேன். வெள்ளக்கடையில் எங்கள் வீட்டுக்கு வந்து ரசமும் பீன்ஸ் பொரியலும் சாப்பிட்டுவிட்டு, 2.10-க்குப் புடவை மாற்றினேன். மூன்று மணிக்கு ஏற்காட்டில் படம்.

சேலத்து ராக் குழுவைப் பற்றிய ஆவணப்படம் அது. மூன்று பேர் கொண்ட குழு: பாடகர், கிட்டார்க்காரர், டிரம்மர். ஒன்பது ஆண்டுகள் இருந்தார்கள், இரண்டு கேசட் போட்டார்கள், பிரிந்துபோனார்கள். நான் பிளஸ் டூ முடித்துவிட்டு எஸ்டேட்டில் எடை எழுதும் வேலைக்குச் சேர்ந்த வருடம், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கேசட் கடை வைத்திருந்த பாய் முதல் கேசட்டை ஒலிக்கவிட்டார். நான் கடை வாசலிலேயே நின்றுவிட்டேன். யாரோ கதவை உதைத்துத் திறந்தது மாதிரி இருந்தது. அந்தப் பாடகர் எங்கள் பேச்சில், எங்கள் ஊர் இழுவையில், காதலைப் பற்றி அல்லாமல் பஸ்ஸில் நிற்க இடமில்லாததைப் பற்றிக் கத்திப் பாடினார். "இது ஆம்பளப் பசங்க கேக்கற பாட்டு தங்கச்சி, உனக்கு ஆவாது" என்றார் பாய். "ஆவுதா இல்லையான்னு கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க" என்று வாங்கிப் போனேன். அதற்கப்புறம் அந்தக் கேசட் நான்கு முறை அறுந்தது. நான்கு முறையும் ஒட்டினேன்.

ஆகவே படத்துக்கு நான் ரசிகையாகத்தான் போனேன். அதைச் சொல்லிவிடுகிறேன். குறை கண்டுபிடிக்கப் போகவில்லை.

சமுதாயக் கூடத்தில் அறுபது நாற்காலி, நாற்பத்தேழு பேர். இயக்குநர் சென்னைக்காரர், முப்பது வயதிருக்கும், அடக்கமான பிள்ளை. கதை முடிகிற இடம் ஏற்காடு என்பதால் படத்தை இங்கே கொண்டுவந்து காட்ட விரும்பினேன் என்று சொன்னார். என் இடப்பக்கம் கணவர், வலப்பக்கம் எங்கள் எஸ்டேட்டில் நாற்பது வருடமாகப் பறிக்கும் அக்கா. பின்வரிசையில் கேசட் கடை பாய்; அந்தக் கடை இப்போது கைபேசிக் கடை.

முதல் ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது என்று மனதாரச் சொல்வேன். அவர்கள் பாடிப் பழகிய அரிசி ஆலையின் மாடியைக் காட்டினார்கள். சாக்குகளைச் சுவரில் அடுக்கி எதிரொலியைக் குறைத்திருக்கிறார்கள், அது எனக்குத் தெரியாது. டிரம்மர் உயிரோடு இல்லை, ஆறு வருடம் ஆகிறது. அவருடைய அம்மா பேசினார். "அவன் சோத்துத் தட்டுலயும் அடிப்பான், நான் அவன் மண்டையில அடிப்பேன்" என்றார். கூடம் சிரித்தது. பாடகருக்குத் தாடி நரைத்துவிட்டது. குரல் அப்படியே இருந்தது. அவர் வாய் திறந்ததும் நான் தலைப்பால் மூக்கைத் துடைத்தேன். "ஏம் புள்ள, அழுவறியா?" என்றார் கணவர். "சளிங்க" என்றேன்.

பிறகு எங்கள் மலை வந்தது. திரையில் வரிசை வரிசையாகத் தேயிலை.

"இது எங்கீங்க?" என்றார் அக்கா.

"ஏற்காடாமுங்க அக்கா."

"நம்மூர்ல தேயிலையா? எனக்குச் சொல்லவே இல்ல பாரு!"

சத்தமாகவே சொன்னார். நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். காப்பியைத் தேயிலையாக்கினால் கூட மன்னித்துவிடலாம். அடுத்து வந்ததை மன்னிக்க முடியாது.

1998 காணும் பொங்கல், எங்கள் எஸ்டேட் களம். களம் என்பது காப்பியைக் காயப்போடும் சிமெண்டுத் தரை. முதலாளியின் மகன் அந்தக் குழுவின் நண்பர். விடுமுறை நாளில் வேலைக்காரர்களுக்காக ஒரு கச்சேரி வைத்தார். சேலத்திலிருந்து ஒரு கல்யாண வீடியோக்காரர் வந்து எடுத்தார். அவர் எடுத்தது இத்தனை வருடம் எங்கோ கிடந்து, இப்போது படத்தில் வந்தது. கலர் மங்கிய படம். களம் முழுக்க ஜனம். கடைசிப் பாட்டு. டிரம்மர் எழுந்து போய், ஓரத்தில் மரத்தில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடிக்கிறார். மூன்று அடி, சற்று இடைவெளி, மறுபடி மூன்று அடி. முதல் வரிசையில் நீலத் தாவணி கட்டிய ஒரு பெண் எழுகிறாள். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறாள். அவளைப் பார்த்து அவள் வரிசை எழுகிறது. பிறகு களமே எழுந்து போகிறது. பாட்டு பாதியில் நிற்கிறது.

அந்தப் பெண்ணின் முகம் திரும்புகிற இடத்தில் படத்தை நிறுத்தி வைத்தார்கள். வயலின் அழுதது. அவள் நான்.

பின்னால் புத்தக அலமாரி உள்ள ஓர் அறிஞர் வந்தார். "நவீன ஒலியை உள்வாங்கும் பக்குவம் அந்த எளிய மலை மக்களுக்கு அன்று இல்லை" என்றார். பிறகு பாடகர். அவர் கேமராவைப் பார்க்காமல் பேசினார்: "வேண்டாம்னு அவனுக்குச் சொன்னேன். இரும்பைத் தட்டாதேன்னு சொன்னேன். தட்டினான். ஜனம் எழுந்து போயிருச்சு. அன்னிக்கு வேன்ல ஏறினதோட சரி. அவனோட அப்புறம் நான் பேசல. கடைசி வரைக்கும் பேசல." திரை இருண்டது. எழுத்துகள் ஓடின. கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

நடந்தது என்ன என்று எழுதுகிறேன். அன்றைய டைரியில் இருப்பதைத்தான் எழுதுகிறேன்.

அறுவடைக் காலத்தில் மாலை நான்கரைக்கு அந்தத் தண்டவாளத்தை வாட்ச்மேன் அடிப்பார். மூன்று, இடைவெளி, மூன்று. அது எடைக்கு அழைப்பு. பறித்த காப்பிப் பழத்தைச் சாக்கோடு தூக்கிக்கொண்டு எடைக் கொட்டகைக்குப் போக வேண்டும். பிந்தினால் வரிசையில் கடைசி. கடைசியில் நின்றால், பறிக்கிறவர்களின் ஊரான கொட்டச்சேட்டுக்குப் போகிற லாரி போய்விடும், இருட்டில் நடக்க வேண்டும். ஆகவே அந்தச் சத்தம் கேட்டால் பேசிக்கொண்டிருந்த வாய் பேச்சை விட்டுவிட்டுப் போகும். எடை எழுதுகிறவள் நான். கொட்டகைச் சாவி என் இடுப்பில் இருக்கும். முதல் சாக்கு வருவதற்குள் நான் அங்கே இருந்தாக வேண்டும். அதனால்தான் முதலில் எழுந்தேன். தாளம் பிடிக்காமல் அல்ல. தாளம் என் காலுக்குத் தெரிந்ததாக இருந்தது.

அன்றைக்கு விடுமுறை. பறிப்பு இல்லை, பழம் இல்லை, எடை இல்லை. தினம் தேதி எழுதுகிற எனக்கே அது நினைவில் இல்லை என்றால் மற்றவர்களை என்ன சொல்ல? நான் எழுந்ததைப் பார்த்து எல்லோரும் எழுந்தார்கள். களத்துக்குக் கீழே வளைந்து போகும் பாதையில் ஓடினோம். நான் கொட்டகையைத் திறந்தேன். நோட்டை விரித்தேன். தேதி எழுதிக் கோடு போட்டேன். வெளியே வரிசை நின்றுவிட்டது. முதலில் நின்றது இதே அக்காதான், அப்போது முப்பத்தெட்டு வயது.

"எழுது சாமி" என்றார்.

"சாக்கு எங்கீங்க அக்கா?"

அவர் தன் கையைப் பார்த்தார். பின்னால் நின்றவளின் கையைப் பார்த்தார். ஒருத்தியிடமும் சாக்கு இல்லை. ஒருத்தி பொங்கலுக்கு எடுத்த புதுச் சேலை, ஒருத்தி தலை நிறைய கனகாம்பரம். "அட கூறு கெட்டதுகளா! இன்னைக்கு நோம்பிடி!" என்று அக்கா ஆரம்பித்த சிரிப்பு வரிசைக் கடைசி வரைக்கும் போயிற்று. இரண்டு பேர் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். ஒரு தாத்தா என் நோட்டைக் காட்டி, "நம்ம சிரிப்ப எடை போடு கண்ணு" என்றார். பிறகுதான் யாரோ, "பாட்டு!" என்றார்கள். எல்லோரும் மேலே ஓடினோம்.

கொட்டகை திறந்தது 4.34. களத்துக்குத் திரும்பியது 4.47. டைரியில் இருக்கிறது.

மேடை காலி. வேன் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பாடகர் முன்சீட்டில், கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். டிரம்மர் மட்டும் பெரிய டிரம்மைக் கட்டிப் பின்னால் ஏற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் நூற்றுக்கணக்கில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்பதைப் பார்த்தார். நான் ஓடிப்போய், "எடைக்குக் கூப்புட்டீங்கன்னு போயிட்டமுங்க, வந்துட்டமுங்க, பாடுங்க" என்றேன். அவருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பின்னால் சாய்ந்து சிரித்தார். மத்தியானம் சாப்பிட்டதும் வாட்ச்மேனிடம் போய், "இத எப்படி அடிப்பீங்க?" என்று கேட்டுக் கற்றுக்கொண்டாராம். "உங்க சத்தம்னு தெரிஞ்சா சந்தோசப்படுவீங்கன்னு நெனச்சேன்" என்றார். வேனின் பக்கவாட்டில் தட்டி முன்பக்கம் கூப்பிட்டார். பாடகர் திரும்பவில்லை. ஹார்ன் அடித்தது. அவர் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டு ஏறினார். வேன் போயிற்று.

வீடியோக்காரர் அதற்கு முன்பே பெட்டியை மூடியிருந்தார்.

டிரம்மர் வழியில் சொல்லியிருப்பார் என்றுதான் இத்தனை வருடம் நினைத்தேன். சொல்லியிருப்பார், பாடகர் நம்பியிருக்க மாட்டார். அல்லது சொல்ல விட்டிருக்க மாட்டார். குழு பிரிந்தது என்று மூன்று மாதம் கழித்துப் பத்திரிகையில் வந்தது, காரணம் வரவில்லை. நாங்கள்தான் காரணம் என்று இந்தச் சனிக்கிழமை, அறுபது நாற்காலிக் கூடத்தில், என் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டியபோதுதான் தெரிந்தது.

விளக்குப் போட்டார்கள். கேள்வி இருக்கிறதா என்று இயக்குநர் கேட்டார். ஒருவர் கேமரா பற்றிக் கேட்டார். நான் எழப் போனேன். கணவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்தார். பிடித்ததோடு எழுந்தேன்.

"ஏனுங்க தம்பி, அந்த நீலத் தாவணி நானுங்க."

கூடம் திரும்பியது. இயக்குநர் முகம் மலர்ந்துவிட்டது. "மேடம்! உங்களைத்தான் தேடிட்டு இருந்தோம்!"

"எங்கீங்க தேடுனீங்க? அதே எஸ்டேட்லதானுங்க இருக்கறேன். பஸ் ஸ்டாண்டுல கேட்டாலே சொல்வாங்க."

சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. எடை அழைப்பு, விடுமுறை, சாக்கு இல்லாத வரிசை, திரும்பி வந்தது, டிரம்மர் சிரித்தது எல்லாவற்றையும் நேரத்தோடு சொன்னேன். பக்கத்தில் அக்கா, "ஆமாங்க, நாந்தான் மொதல்ல நின்னன், வெறுங்கையோட" என்று கையை விரித்துக் காட்டினார்.

இயக்குநர் நெற்றியைத் தேய்த்தார். "மேடம், நான் உங்களை நம்பறேன். ஆனா சார்கிட்ட நாலு நாள் பேசினேன். அங்க மேடையில இருந்தவர் அவர். அவரே சொன்னது இது."

"அவரு வேன்ல ஏறிட்டாருங்க. கண்ணாடிய ஏத்திட்டுத் திரும்பிப் பாக்காதவருக்கு நாங்க வந்தது எப்படிங்க தெரியும்?"

"அவரோட வலி உண்மை மேடம்."

"வலி உண்மைதானுங்க. காரணம் பொய்யுங்க."

நானே தொடர்ந்தேன். "எங்களுக்குப் பக்குவம் இல்லைன்னு ஒருத்தர் சொன்னாரே, அவரு அந்தக் களத்துக்கு வந்தாருங்களா?"

"இல்ல மேடம்."

"இந்த மலைக்கு?"

"தெரியல மேடம்."

"அதான் தேயிலை!" என்றார் அக்கா.

இந்த முறை இயக்குநரும் சிரித்துவிட்டார், பாவம். படம் முடிந்துவிட்டது, வெளியே அனுப்பியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார். வேண்டுமானால் என்னை ஒரு சின்னப் பேட்டி எடுத்து இணையத்தில் தனியாகப் போடுகிறேன் என்றார். நான் மறுத்தேன். ஊருக்கு நடுவில் சொன்ன பொய்க்கு ஓரத்தில் ஒட்டும் திருத்தம் எனக்குத் தேவையில்லை. ஜனம் என்னைப் பற்றி நினைப்பதும் அல்ல என் கவலை. செத்துப்போன ஒரு மனிதர் எங்களைக் கௌரவிக்க நினைத்து அடித்த அடி அது. அதற்காக அவருடைய நண்பர் அவரைச் சாகும்வரை ஒதுக்கி வைத்திருக்கிறார். இப்போது அந்தப் பழி படமாகி நிற்கிறது.

"அந்தப் பாடகருக்குச் சொல்லோணுங்க" என்றேன்.

அவர் போனில் யாரோடும் பேசுவதில்லை என்றார் இயக்குநர். கடிதம் கொடுத்தால் கையோடு கொண்டுபோய்க் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். லாட்ஜின் பெயரைச் சொன்னார். காலை எட்டு மணிக்குக் கிளம்புகிறார்கள்.

வெளியே வந்ததும் பாய் வழிமறித்தார். "தங்கச்சி, நீ சொன்னது எல்லாம் சரி. நானும் அன்னைக்கு வந்திருந்தேன். ஆனா யோசிச்சுப் பாரு. அந்த மனுசன் கூட்டாளிய எழந்துட்டாரு. அவன் மேல தப்புன்னு நெனச்சு மனசத் தேத்தி வெச்சிருக்காரு. இப்பப் போயி, தப்பு உன் மேலன்னு சொன்னா தாங்குவாரா? விட்டுடு."

இது சாதாரண வாதம் அல்ல. ஸ்கூட்டரில் வெள்ளக்கடை வரும்வரை எனக்கு அதுவே ஓடியது. பாடகர் அறுபதை நெருங்குகிறவர். திரையில் கேமராவைப் பார்க்காமல் பேசிய அந்தக் கண்கள் நினைவுக்கு வந்தன. அவர் குரலைக் கேட்டு வளர்ந்தவள் நான். அப்பா அந்தக் கேசட்டை அடுப்பில் போடப் போனபோது குறுக்கே நின்றவள். பெண் பார்க்க வந்த இடத்தில், என்ன பிடிக்கும் என்று கேட்டபோது அந்தக் குழுவின் பெயரைச் சொல்லி முதல் சம்பந்தத்தைக் கெடுத்துக்கொண்டவள். அவரை நோக வைக்க எனக்கு என்ன உரிமை?

இரவுச் சாப்பாட்டின்போது கணவர் கேட்டார். "நெசமாத்தான் எழுதப் போறயா?"

"ஏனுங்க, வேண்டாங்கறீங்களா?"

"எனக்கு அந்தக் கத்தல் என்னைக்குமே புடிக்கல, உனக்குத் தெரியும். ஆனா உனக்கு அவரு சாமி மாதிரி. சாமிகிட்டப் போயி நீ தப்புன்னு சொல்றதா?"

"சாமியா இருந்தா நொம்ப நல்லதாப் போச்சுங்க. சாமிக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும். இவருக்குத் தெரியலயே, யாராச்சும் சொல்லித்தானே ஆவோணும்."

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டு, "செரி, அம்மிணி முடிவு பண்ணியாச்சு" என்றார்.

முடிவு அப்போதுதான் வந்தது. பாய் சொன்னதில் ஒரு தவறு இருந்தது. பாடகரின் நிம்மதியை அவர் எடை போட்டார். டிரம்மரின் பக்கம் தட்டில் ஒன்றுமே வைக்கவில்லை. செத்தவருக்கு நோகாது என்பதால் அவர் தலையில் எதையும் ஏற்றலாம் என்று ஆகிவிடுமா? அந்த அம்மா இருக்கிறார், மகன் மண்டையில் அடித்ததைச் சொல்லிச் சிரித்தவர். அவரும் இந்தப் படத்தைக் கடைசிவரை பார்த்திருப்பார். தன் பிள்ளை தட்டிய தட்டில்தான் எல்லாம் போயிற்று என்று நம்பிக்கொண்டிருப்பார். பாடகருக்கு நோகும். நோகட்டும். எளிய மலை மக்கள் இதமாக நடந்துகொள்வார்கள் என்று எதிர்பார்த்தால் அதுவும் தேயிலை மாதிரிதான்.

என் தவறையும் மறைக்கப் போவதில்லை. விடுமுறை நாளில் எடைக்கு எழுந்தது நான். நான் உட்கார்ந்திருந்தால் களம் உட்கார்ந்திருக்கும். அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை; அவருக்கும் வேண்டியதில்லை. கால் மணி நேரம் பொறுத்திருந்தால் போதும் என்பதுதான் விஷயம். இதை எழுதி முடித்து 9.50-க்குப் படுத்தேன். தூக்கம் நன்றாக வந்தது.

பிப்ரவரி 11, ஞாயிறு. 5.10-க்கு எழுந்தேன். அடுப்பு பற்றவைப்பதற்கு முன், முகம் கழுவியதும், முதல் வேலையாகக் கடிதத்தை எழுதினேன். ஒரு பக்கம்தான். அடித்தல் திருத்தல் இல்லை. "மதிப்பிற்குரிய ஐயா, நான் உங்கள் ரசிகை. நீங்கள் சொன்னது தவறு. நாங்கள் திரும்பி வந்தோம். உங்கள் நண்பர் எங்களைப் பார்த்தார்" என்று தொடங்கினேன். கீழே என் பெயர், எஸ்டேட், நேரம் எழுதிக் கையெழுத்திட்டேன். உறையை ஒட்டவில்லை, வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.